ஆராய்ச்சி மணியும் உலக வங்கியும்

கடன் கொடுத்தவன் கணக்குக் கேட்பது உலக வழக்கம். கடன் கொடுத்தவனிடமே கணக்குக் கேட்கும் வழக்கம் எப்போது தோன்றிற்று என்பதை நம் இலக்கிய வட்டங்களில் நாம் அதிகம் பேசுவதில்லை. பொருளியல் வறண்ட துறை என்னும் எண்ணம் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான கதை அன்று.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் எளியோருக்கென மனைகள் பிரிக்கப்பட்டன. அத்தகைய திட்டமொன்றால் தீங்குற்றவர் அரசிடம் முறையிடலாம், நீதிமன்றத்தை நாடலாம். வாஷிங்டனில் இருந்த வங்கியிடம் முறையிட அன்று அவருக்கு வாயில் இல்லை. வங்கிக்கு எதிரே அமர்ந்திருந்தது அரசு மட்டுமே.

அந்த வாயில் நர்மதைக் கரையில் எழுந்த போராட்டத்தால் திறந்தது. சர்தார் சரோவர் அணைக்கும் கால்வாய்க்குமாக 1985-இல் உலக வங்கி 45 கோடி டாலர் ஒதுக்கியது. வீடும் நிலமும் இழப்போரின் எதிர்ப்பு வலுக்கவே, 1991-இல் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் சுதந்திரமான ஆய்வுக் குழுவொன்றை வங்கி அமர்த்த நேர்ந்தது. மீள்குடியேற்றத்திலும் சுற்றுச்சூழல் ஆய்விலும் வங்கி தன் விதிகளையே கடைப்பிடிக்கவில்லை என்பதை 1992-இல் அக்குழு வெளிப்படுத்தியது. அதே ஆண்டு வங்கியின் உள்ளிருந்தே வந்த வாப்பன்ஹான்ஸ் அறிக்கை, கடனை அனுமதிப்பதில் காட்டும் ஆர்வம் விளைவைக் கவனிப்பதில் இல்லை என்றது. 1993 மார்ச்சில் இந்தியா எஞ்சிய கடனை வேண்டாமென்றது. செப்டம்பரில் ஆய்வுக் குழாம் என்னும் நிரந்தர அமைப்பை வங்கியின் இயக்குநர் அவை உருவாக்கியது.

அதன் முதல் தலைவர் எர்ன்ஸ்ட்-குந்தர் புரோடர் ஒரு பொருளியலாளர். ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் தலைவராக இருந்தவர். வாழ்நாளெல்லாம் கடன் வழங்கும் தரப்பில் நின்றவர், அக்கடனால் பாதிக்கப்பட்டோரின் மனுக்களைப் படிக்கும் இருக்கைக்கு வந்தார். அந்த இருக்கைக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. குழாமில் பணிபுரிந்தவர் பின்னர் ஒருபோதும் உலக வங்கியில் வேலைக்குச் சேர முடியாது. நீதி கேட்பவன் நாளை அரண்மனையில் பதவி கேட்கக் கூடாது என்பதே இதன் பொருள். 1994-இல் வந்த முதல் மனு நேபாளத்தின் அருண் அணையைப் பற்றியது; மறு ஆண்டே வங்கி அத்திட்டத்திலிருந்து விலகியது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. சோழன் மணியோசை கேட்டுத் தீர்ப்பும் வழங்கினான். இக்குழாம் தீர்ப்பு வழங்குவதில்லை. வங்கி தன் விதிகளை மீறியதா என்று ஆராய்ந்து இயக்குநர் அவைக்குச் சொல்லும், அவ்வளவே.

இதே காலத்தில் வேறொரு வழியைத் தேர்ந்தவர் சாமுவேல் பால். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராகவும் உலக வங்கியின் ஆலோசகராகவும் இருந்த அப்பொருளியலாளர், 1994-இல் பெங்களூரில் பொது விவகார மையத்தை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்குவதுபோல, குடிநீர், மின்சாரம், மாநகராட்சி ஆகியவற்றுக்குக் குடிமக்கள் மதிப்பெண் வழங்கும் அட்டையை வகுத்தார். வங்கியில் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய பொறுப்புடைமையைத் தெருக்குழாயடிக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

கோட்டூர்புரத்தை ஒட்டிய அடையாறு காந்தி நகரில், மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர் எஸ். குகன். தமிழக நிதித்துறைச் செயலராகக் கடனின் ஒரு பக்கத்தைக் கண்டவர். பின்னர் தெற்காசியாவில் உலக வங்கி வழங்கிய கடன்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். இந்திய ஊழலைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பொன்றை 1997-இல் பாலுடன் சேர்ந்து பதிப்பித்தார். மறு ஆண்டு மறைந்தார்.

மணி ஒலித்தால் பயன் உண்டா? மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் இடம்பெயர்க்கப்பட்டோர் 2004-இல் முறையிட்டனர். 2006-இல் வங்கி சில மாதங்கள் பணத்தை நிறுத்தி வைத்தது. குஜராத்தின் முந்த்ரா அனல் மின்நிலையத்தால் பாதிப்புற்ற மீனவரும் உழவரும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். பன்னாட்டு நிதி நிறுவனங்களுக்கு முழுமையான சட்டக் காப்பு இல்லை என்று 2019-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அவ்வழக்கைக் கீழமை நீதிமன்றங்கள் பின்னர் தள்ளுபடி செய்தன. கதவு திறந்தது, உள்ளே நீதி கிட்டவில்லை.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததை நாம் அறிவோம். 2021-இல் சென்னையின் நகரச் சேவைகளுக்கென உலக வங்கி 15 கோடி டாலர் கடனை அனுமதித்தது. கடனைத் திருப்பிச் செலுத்தப்போகிறவர்கள் நாமும் நம் பிள்ளைகளும். மணி எங்கே தொங்குகிறது என்று தெரியாத ஊரில் பசு மட்டும் என்ன செய்யும்?