விண்ணின் வெப்பமானி – அத்தியாயம் 7: 45 கோடுகள்

லைடன் ஆய்வகத்தில் 1896-ஆம் ஆண்டு பீட்டர் சீமன் கண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே சோடியச் சுடரை வைத்தார். அதன் மஞ்சள் நிறக்கோடுகள் அகன்றன. 1862-இல் ஃபாரடே தேடியும் கிட்டாத விளைவு அது. ஆனால் சீமனின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வலியது. பூமியின் புலம் ஏறத்தாழ அரை காஸ்தான். இவ்வளவு மெலிந்த புலம் வானத்தின் வெப்பநிலைக் கணக்கைக் குலைத்துவிடுமா?

குலைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் வில்லியம் லெனுவார்.

1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், மைக்ரோவேவ் கருவியைப் பலூனில் ஏற்றி ஆக்ஸிஜனின் கதிர்வீச்சை அளந்த குழுவில் இருந்தவர் அவர். காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடு. 80 கிலோமீட்டர் உயரம்வரை அந்த விகிதம் மாறுவதேயில்லை. 60 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அது ஓயாமல் கதிர் வீசுகிறது. சூடு கூடினால் கதிரும் கூடும். ஆகவே கதிரை அளந்தால் காற்றின் வெப்பநிலை கிடைத்துவிடும்.

சிக்கல் ஆக்ஸிஜனின் இயல்பிலேயே இருந்தது. திரவ ஆக்ஸிஜனை வலுவான காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றிப் பாருங்கள்: வெளிர்நீலமாக, கீழே வழியாமல் அங்கேயே ஒட்டி நிற்கும். திரவ நைட்ரஜன் நிற்காது, வழிந்தோடிவிடும். ஆக்ஸிஜன் மூலக்கூறில் இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தம். பூமியின் புலம் பட்டதும் அதன் கதிர்க்கோடுகள் பிளக்கின்றன. 60.43 கிகாஹெர்ட்ஸில் உள்ள ஒரே கோடு 45 கோடுகளாகப் பிரிகிறது!

தரையருகே இது தெரியாது. அங்கே மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால் ஒவ்வொரு கோடும் ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகன்றுவிடும். காந்தப் பிளவோ ஓரிரு மெகாஹெர்ட்ஸ்தான். திருவிழா இரைச்சலில் காதோரம் சொன்ன ரகசியம்போல அமுங்கிப்போகும். 50 கிலோமீட்டருக்கு மேலே, மீசோஸ்பியர் என்னும் அடுக்கில், காற்றழுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மோதல்கள் அருகி, கோடுகள் மெலிந்து, பிளவு வெளிப்படுகிறது.

1968-இல் லெனுவாரின் கட்டுரை வெளிவந்தபோது நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தது. காகிதத்தில் தான் கணக்கிட்ட அந்த மீசோஸ்பியரைத் துளைத்துக்கொண்டு, 1982 நவம்பரில் கொலம்பியா விண்கலத்தில் அவரே மேலே சென்றார்.

கட்டுரைதான் காத்துக் கிடந்தது. 1972 டிசம்பரில் ஏவப்பட்ட நிம்பஸ் 5 செயற்கைக்கோள் இதே முறையில் வெப்பநிலையை அளந்தது. ஆனால் அது பார்த்தது ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குக் கீழே. பின்வந்த வானிலைக்கோள் கருவிகளும் 40 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிட்டன. அவற்றின் கணக்கில் காந்தத்தைப் பற்றிக் கவலைப்பட அவசியம் வரவில்லை.

2003 அக்டோபர் 18. கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து டைட்டன் 2 ராக்கெட் தன் கடைசிப் பயணத்தில் எஃப்16 என்ற ராணுவ வானிலைக்கோளைச் சுமந்து எழுந்தது. அதிலிருந்த மைக்ரோவேவ் கருவி மீசோஸ்பியர்வரை எட்டிப் பார்த்தது. ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறை சுழலும் அதன் பார்வை காந்தப்புலத்தை ஒரு திசையில் நீளவாக்கில் தொட்டது, இன்னொரு திசையில் குறுக்கே வெட்டியது. கோணம் மாற மாறக் கதிரின் அளவும் மாறியது. புலத்தைக் கணக்கில் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் வேறொன்று. வித்தியாசம் 10 கெல்வின்வரை! லெனுவாரின் சமன்பாடுகள் 35 ஆண்டுகளுக்குப் பின் வேலைக்கு வந்தன. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பார்வைப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் புலத்தின் வலிமையையும் கோணத்தையும் சேர்த்து விரைவாகத் திருத்தும் முறையை வெளியிட்டார்கள்.

பிழை திருந்தியது. ஆனால் அந்தப் பிழைக்குள் ஒரு செய்தி இருந்தது. பிளவின் அளவை வைத்து வெப்பநிலையைத் திருத்த முடியுமென்றால், அதே பிளவை வைத்துக் காந்தப்புலத்தையே அளக்கலாமே? அதுவும் 80 கிலோமீட்டர் உயரத்தில், பலூன் எட்டாத, செயற்கைக்கோள் தங்க முடியாத இடத்தில்!

2025 மார்ச்சில் மூன்று சிறு செயற்கைக்கோள்கள் இதே வாண்டன்பெர்க்கிலிருந்து அந்த வேட்டைக்குக் கிளம்பின. அவை 60 கிகாஹெர்ட்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. 45 ஆகச் சிதறாமல், மூன்றே மூன்றாகப் பிளக்கும் ஒற்றைக் கோடு ஒன்று ஆக்ஸிஜனிடம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது? அதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் வானில் ஓடும் எந்த மின்னாற்றைப் பிடிக்கப் போனார்கள்?

(தொடரும்)