ஆண்டுதோறும் நடந்த காங்கிரஸ் மாநாடு... இப்போ ஏன் அபூர்வம்?

1885 டிசம்பரில், பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் கூடியது முதல் காங்கிரஸ் மாநாடு. அதன்பிறகு பல ஆண்டுகள், வருஷத்துக்கு ஒரு ஊர் என நடந்தது.

அப்படி என்ன ஈர்ப்பு?

பெரிய முடிவுகள் அங்கேதான் பிறந்தன. முழு சுதந்திரமே இலக்கு என 1929-ல் லாகூரில் தீர்மானம் போட்டார்கள். 'சோஷலிச பாணி சமுதாயம்' என 1955-ல் அறிவித்தது நம்ம ஆவடியில்தான்!

ஏன் குறைந்தது?

கட்சி ஆட்சிக்கு வந்ததும், முடிவெடுக்கும் இடம் மெல்ல டெல்லி மேலிடமானது. தலைவர் பேச்சைக் கேட்க ரயில் ஏறவும் தேவையில்லை. டிவி, மொபைல் போதும். 2018 டெல்லி மாநாட்டுக்கு அடுத்தது, 2023-ல் ராய்ப்பூரில்தான்.

இழப்பு யாருக்கு?

தலைவர் தீர்மானத்துக்கே திருத்தம் கொடுத்து, வாக்கெடுப்பு கேட்க முடிந்த சாதாரண பிரதிநிதிக்கு!