மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல

மூட்டுவலி என்றாலே "வயசாகிவிட்டது" என்று சொல்லி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மூட்டுவாதத்தில் நூறு வகைக்கு மேல் உண்டு. மருந்தும் வகைக்கு வகை மாறும்.

வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் தேய்மானம். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும். படி ஏறினால் வலிக்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. தொடைத் தசைக்குப் பயிற்சியும் வேண்டும். ஸுஜூதுக்கு முழங்கால் மடங்காதவர்கள் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. வலியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ருமட்டாய்டு எனும் முடக்குவாதம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் இந்நோய், பெண்களுக்கே அதிகம்; இளம் வயதிலும் வரும். இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் மூட்டுவாத நிபுணரிடம் உடனே காட்டுங்கள். தாமதித்தால் விரல்கள் கோணிவிடும். பிறகு மருந்தால் நிமிராது. இதற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஜும்ஆ நாள் என்பதுபோல ஒரு கிழமையைக் குறித்துவையுங்கள். கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து கூடவே கூடாது.

நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிறதா? அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம். ஈரல், நெத்தலி, இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றைக் குறையுங்கள்.

காய்ச்சலுடன் ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கினால், மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.