திரையரங்க இடையூறுகளும் பார்வையாளர் உரிமையும்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

திரையரங்கில் பார்வையாளர் எதிர்கொள்ளும் இடையூறுகள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் சார்ந்தவையாகவே பேசப்படுகின்றன. எது இடையூறு என்னும் வரையறை காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தில் தொழில்நுட்பம், இருக்கை வகுப்பு, சட்டம் ஆகிய மூன்றும் பங்கு வகித்துள்ளன. புதுச்சேரியையும் அதனைச் சூழ்ந்த தமிழகத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது. எவருடைய இடையூறு பதிவாயிற்று, எவருடையது பதிவாகவில்லை என்பது இதன் மையக் கேள்வியாகும்.

திறவுச்சொற்கள்: திரையரங்கு, பார்வையாளர், தரை வகுப்பு, உரிமச் சட்டம், நுகர்வோர், புதுச்சேரி.

முன்னுரை

இராமன், பாலாஜி, ரத்னா என்று பெயர் சொன்னாலே புதுச்சேரி நகரத்தார் இடம் அறிந்துகொள்ளும் திரையரங்க மரபு ஒன்று உண்டு. அதனருகே வணிக வளாகத்திற்குள் அமைந்த பல்திரை அரங்கும் இன்று இடம்பெற்றுள்ளது. இரண்டிலும் எழும் குறைகள் ஒரே தன்மையன அல்ல. முதல் நாள் காட்சியின் விசிலும் கூச்சலும் வசனத்தை மறைக்கின்றன என்பது ஒருவகைக் குறை. தின்பண்டத்தின் விலை, படத்திற்கு முன் நீளும் விளம்பரங்கள் ஆகியவை பற்றியது மற்றொரு வகைக் குறை. முன்னது உடன் அமர்ந்திருப்பவர் மீதும் பின்னது அரங்கை நடத்துபவர் மீதும் சொல்லப்படுகின்றன. இவ்வேறுபாடு தற்செயலானதன்று, அதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

தீயும் கொட்டகையும்

திரைப்படக் காட்சியின் தொடக்கக் காலத்தில் இடையூறு என்பது உயிர் ஆபத்தையும் உள்ளடக்கியதாக இருந்தது. 1895 டிசம்பர் 28இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணக் காட்சியைத் தொடங்கினர். ஓராண்டும் சில மாதங்களுமே கடந்த நிலையில், 1897 மே 4இல் அதே நகரின் அறக்கொடைச் சந்தை ஒன்றில் படம் காட்டும் கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள் இவ்வச்சத்தை மேலும் பல பதின்ம ஆண்டுகளுக்கு நீட்டித்தது.

தமிழகத்திற்குள் திரைப்படத்தைக் கூடாரமாகக் கொண்டு சென்றவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றிய அவர், 1905இல் தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்சி நடத்தினார். அதன் வழிவந்த டூரிங் கொட்டகைகளில் மணல் தரை, கீற்றுக் கூரை, ஒற்றைக் கருவி ஆகியவையே பொது அமைப்பு. ஒரு சுருள் முடிந்து மறுசுருள் மாட்டும்வரை காட்சி நின்றது. ஆகவே இடைவேளை ஒன்றன்று, பல. இதனைப் பார்வையாளர் குறையாகக் கருதியதைவிடக் காட்சியின் இயல்பாகவே ஏற்றனர் எனலாம்.

அரசு முதலில் தலையிட்டதும் தீயின் பொருட்டே. பிரிட்டிஷ் இந்தியாவின் 1918ஆம் ஆண்டுச் சட்டம், படம் காட்டும் இடத்திற்கு உரிமம் பெறுவதையும் படத்திற்குச் சான்று பெறுவதையும் கட்டாயமாக்கியது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. 1954 நவம்பர் 1இல் நடைமுறை ஆட்சி மாற்றமும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பும் நிகழ்ந்தன. சென்னை மாநிலத்தில் 1955இல் திரையரங்க ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. புதுச்சேரிக்கென அத்தகைய சட்டம் 1964இல் உருவாயிற்று. உரிமச் சட்டங்களின் அடிப்படை அக்கறை பார்வையாளரின் பாதுகாப்பு. அவரது மனநிறைவு அன்று. அப்பாதுகாப்பும் ஏட்டளவில் நின்றால் விளைவது என்ன என்பதை 1997 ஜூன் 13இல் தில்லி உப்பார் திரையரங்கத் தீவிபத்து காட்டியது. 59 பேர் இறந்த அவ்விபத்தில், கூடுதலாகப் போடப்பட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன.

ஒலி இடையூறானமை

இன்று மிகுதியாகச் சுட்டப்படும் இடையூறு பேச்சொலியும் கூச்சலும் ஆகும். ஆயின் மௌனப்படக் காலத்தில் அரங்கு ஒலி நிறைந்த இடமாகவே இருந்தது. திரைக்கருகே நின்று கதையைச் சொல்லும் விளக்குநர் இருந்தார், இசைக்கருவிகள் முழங்கின, எழுத்தறிந்தவர் திரையில் தோன்றிய வாசகங்களைப் பிறருக்காக உரக்கப் படித்தனர். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, இடையிடையே பேசுவதும் உண்பதும் உறங்கி எழுவதும் கலை நுகர்வின் பகுதிகளே.

1931 அக்டோபர் 31இல் சென்னையில் ‘காளிதாஸ்’ வெளியானதும் தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. வசனமும் பாட்டும் கேட்கப்பட வேண்டியவை ஆனபின், பார்வையாளரின் குரல் காட்சிக்குப் போட்டியாயிற்று. மக்களின் பழக்கம் மாறுவதற்கு முன்பே அப்பழக்கத்தின் பெயர் மாறிவிட்டது. பங்கேற்பாக இருந்தது தொல்லையாயிற்று.

இதற்கு மறுதலையான சான்று புகை. ஒளிக்கற்றையில் பீடிப் புகை சுழல்வது பல்லாண்டுகள் அரங்கின் இயல்பான காட்சி. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் அதனைக் குற்றமாக்கின. எது பொறுக்கத்தக்கது என்பது நிலையானதன்று என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

தரையும் நாற்காலியும்

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்களம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் ஆற்றலே என்றும் கா. சிவத்தம்பி 1981இல் வெளியான தம் நூலில் கருதினார். இக்கருத்து அடிப்படையானது. எனினும் அவ்வொரே கூரைக்குள் தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் பிரிவும், கொட்டகைகளில் பெண்களுக்கெனத் தனித் தடுப்பும் இருந்தன என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். ஒரே கூரை அண்மையை உருவாக்கியது. அவ்வண்மையே இடையூறு பற்றிய உணர்வையும் உருவாக்கியது. தரையின் விசில் நாற்காலிக்குத் தொல்லை. அதே நேரத்தில் தரையில் இருந்தவருக்கும் இடர்கள் இருந்தன. திரையை அண்ணாந்து பார்க்கும் கழுத்து நோவு, ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய கம்பித் தடுப்பு வரிசை, கள்ள விலையில் விற்கும் நுழைவுச்சீட்டு ஆகியவை அவற்றுட் சில. முன்னது பண்பாட்டுச் சீரழிவாக எழுதப்பட்டது. பின்னவை எழுதப்படுவதற்குரிய பொருளாகவே கருதப்படவில்லை.

விசிலை வெறும் தொல்லையாகக் கொள்வதில் மற்றொரு சிக்கலும் உண்டு. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர் 17இல் தொடங்கிய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலில் ஆட்சியமைத்தது தமிழ்நாட்டில் அன்று, புதுச்சேரியில். 1974 மார்ச்சில் எஸ். இராமசாமி தலைமையில் அமைந்த அவ்வரசு ஒரு மாதமும் நீடிக்கவில்லை. தமிழ்நாட்டில் அக்கட்சி 1977இல்தான் ஆட்சிக்கு வந்தது. இவ்வெற்றிக்குத் திரையரங்கு மட்டுமே காரணம் என்பது மிகை. ஆனால், முன்வரிசையில் கைதட்டிய இரசிகரே வெளியே மன்றத்தினராகவும் கட்சித் தொண்டராகவும் செயல்பட்டார் என்பதைக் கருத, அவ்வொலி ஓர் அரசியல் திரட்சியின் ஒலியாகவும் இருந்தது என்பது புலனாகும்.

நுகர்வோரின் முறையீடு

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பார்வையாளருக்குப் புதியதோர் அடையாளத்தை அளித்தது. பல்திரை அரங்குகள் பரவியபின் அவ்வடையாளமே முதன்மை பெற்றது. வெளி உணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றும், குடிநீரைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 சனவரி 3இல் கூறியது. அரங்கு உரிமையாளரின் தனிச் சொத்து என்பதே இதன் அடிப்படை. 2025இல் பெங்களூரு நுகர்வோர் ஆணையம், அறிவித்த நேரத்திற்குப்பின் ஏறத்தாழ 25 நிமிடங்கள் விளம்பரம் காட்டியதற்காக ஒரு பார்வையாளருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவ்வாணைக்குக் கருநாடக உயர்நீதிமன்றம் பின்னர் இடைக்காலத் தடை விதித்தது.

இம்முறையீடுகள் நியாயமானவை. பார்வையாளரின் நேரத்திற்கும் மதிப்புண்டு என்னும் கருத்து பழைய உரிமச் சட்டங்களில் காணப்படாதது. எனினும் தொடர் செல்லும் திசை கவனத்திற்குரியது. தீ பற்றிய அச்சத்தைச் சட்டம் ஏற்றது; நேரம், விலை பற்றிய குறைகளை நீதிமன்றம் கேட்டது. தரை வகுப்பின் குறைகளைக் கேட்க அத்தகைய மன்றம் அமையவில்லை. பல்திரை அரங்கில் அவ்வகுப்பே இல்லை. அங்குக் கூச்சல் குறைந்ததற்கு ஒழுக்கம் வளர்ந்ததைக் காரணமாகச் சொல்வதினும், முன்வரிசையினர் பலர் கட்டணத்தால் வெளியே நிறுத்தப்பட்டதைச் சொல்வதே பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், திரையரங்க இடையூறு என்பது உடல் ஆபத்திலிருந்து சக பார்வையாளரின் நடத்தைக்கும், அதிலிருந்து நுகர்வோர் இழப்புக்கும் பொருள் விரிந்து வந்துள்ளமை பெறப்படும். சட்டமும் தீர்ப்பும் நாற்காலியின் குரலையே மிகுதியும் காத்து வைத்துள்ளன. அவற்றை மட்டும் கொண்டு எழுதப்படும் திரையரங்க வரலாறு, கட்டணம் செலுத்த இயன்றவரின் வரலாறாகச் சுருங்கும். புதுச்சேரி அரங்குகளில் நுழைவுச்சீட்டு கொடுத்தவர், கருவி இயக்கியவர், இடைவேளையில் சோடாவும் முறுக்கும் விற்றவர், தரையில் அமர்ந்து படம் பார்த்தவர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது இக்குறையை நீக்கும் வழியாகும். அத்தலைமுறை முதுமை எய்தியுள்ள நிலையில் அப்பணி காலத்தாழ்வு பொறுக்காதது.