தோட்டத் திடலிலிருந்து வீட்டுக் கூடத்திற்கு: நாம் படம் பார்த்த வரலாறு



திரையரங்கிற்குச் சென்று படம் பார்ப்பது நல்லதா, வீட்டிலேயே பார்ப்பது நல்லதா என்னும் கேள்வி பெற்றோர் சந்திப்புகளில் அவ்வப்போது எழுவதுண்டு. செலவு, நேரம், பாதுகாப்பு எனப் பலரும் பல காரணங்களை முன்வைப்பர். மலேசியத் தமிழர் படம் பார்த்து வந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், இக்கேள்விக்கு வேறொரு கோணத்தில் விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

திடலில் கட்டிய வெள்ளைத் துணி

நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் முதன்முதலில் படம் பார்த்தது தோட்டத்துத் திடலில்தான். 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் நடமாடும் படக்காட்சி வண்டிகள் சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று அரசாங்கச் செய்திப்படங்களைக் காட்டின. தோட்ட நிருவாகங்களும் தொழிலாளர்களுக்காகத் தமிழ்ப்படங்களைத் திரையிட்டன.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தாயார் அந்த இரவுகளைப் பற்றி நிறையச் சொல்வார். மாலையிலேயே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடிப்பார்களாம். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் அமர்ந்து பார்ப்பார்களாம். அங்கே எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரியும். வலக்கையால் வாள் வீசும் நாயகன் இடக்கையனாகிவிடுவான்!

பெரும்பாலும் ஒரே ஒரு படக்கருவிதான் இருக்கும். ஆகவே, ஒவ்வொரு படச்சுருள் முடிந்ததும் காட்சி நின்றுவிடும். அடுத்த சுருளை மாட்டும்வரை திடல் முழுவதும் பேச்சுதான். தாமதமாக வந்தவருக்கு முன்கதை சொல்வர். விளங்காத வசனத்திற்குப் பெரியவர் பொருள் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பலர் கதை சொல்வதில் வல்லவராக இருந்ததற்கு அந்தச் சில நிமிடங்களும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

பட்டணத்துத் திரையரங்கு

கோலாலம்பூர் பத்து சாலையில், அதாவது இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், 1920களின் தொடக்கத்தில் எழுந்த கொலிசியம் திரையரங்கு பிற்காலத்தில் தமிழ்ப்படங்களுக்குப் பெயர் பெற்றது. அதுபோல் பட்டணங்கள் பலவற்றிலும் திரையரங்குகள் இருந்தன. படத்தின் நடுவே 'இடைவேளை' என்னும் எழுத்து தோன்றும். மக்கள் எழுந்து கச்சான் வாங்கிக்கொண்டு, இனி என்ன நடக்கும் என்று வாதிடுவர்.

ஆனால், எல்லாராலும் அங்குச் செல்ல முடிந்ததா? திருமணத்திற்குப் பின் என் தாயார் பல ஆண்டுகள் திரையரங்கின் வாசலை மிதித்ததில்லை. கையில் குழந்தை, இரவில் தோட்டத்திற்குத் திரும்பப் பேருந்தும் இல்லை. அப்பாவும் அவருடைய நண்பர்களும் மிதிவண்டியில் சென்று பார்த்து வருவர். அம்மாவுக்குக் கிடைத்தது அப்பா சொல்லும் கதை மட்டுமே.

வீட்டிற்குள் வந்த திரை

1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1978இல் வண்ணம் வந்தது. தமிழ்ப்படம் ஒளியேறும் நாளில், தொலைக்காட்சி வைத்திருப்பவர் வீட்டில் லயமே கூடும். மலாய் மொழியில் வசனம் எழுதிக் காட்டப்பட்டதால் மலாய் அண்டை வீட்டாரும் உடன் அமர்ந்து பார்த்தனர். 1980களில் ஒளிநாடாக் கருவி பரவியபோது, விட்டுப்போன படங்களையெல்லாம் என் தாயார் வீட்டிலேயே பார்த்தார். வீட்டுத் திரையைக் குறைகூறுவோர் இதனை மறந்துவிடலாகாது. முதியோருக்கும் தாய்மார்க்கும் திரைப்படத்தைத் திருப்பிக் கொடுத்தது அதுவே.

1990களின் பிற்பாதியில் விசிடி வந்தது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடங்களே அடங்கும் என்பதால் தமிழ்ப்படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. திருட்டுத் தட்டுகளின் பெருக்கத்தால் 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆயினும், தட்டை மாற்ற எழும் அந்த ஒரு நிமிடத்தில் வீட்டார் பேசிக்கொண்டனர். தோட்டத் திடலின் படச்சுருள் இடைவெளி, உருமாறி வீட்டிலும் உயிரோடிருந்தது.

இடைவெளி இல்லாத காலம்

2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் மலேசியாவிற்கு வந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்து திரையரங்குகள் மூடப்பட்டன. அதே ஆண்டில் 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' ஆகிய படங்கள் திரையரங்கைக் காணாமல் நேரே இணையத்தளத்தில் வெளியாயின. இன்று தொடர் ஒன்றின் ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஒரே கூடத்தில் நால்வர் நான்கு படங்களைப் பார்க்கிறோம்.

இதன் விளைவை வகுப்பறையில் காண்கிறேன். தாம் பார்த்த படத்தின் கதையைச் சொல்லுமாறு ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டால், சண்டைக் காட்சிகளை நடித்தே காட்டுகின்றனர். 'அவன் ஏன் சண்டையிட்டான்?' என்று கேட்டால் தயங்குகின்றனர். அறிவுக்குறை அன்று இது. பார்த்ததைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு வீட்டில் கிடைக்கவில்லை.

ஆகவே, எங்கே பார்க்கிறோம் என்பதைவிட, பார்த்ததைப் பற்றி யாரோடு பேசுகிறோம் என்பதே முதன்மையானது. பெற்றோர்களே, வாரம் ஒரு படத்தையாவது பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்துங்கள். தேநீர் கலக்கும் நேரத்தில், 'இனி என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். ஆசிரியர்களே, மறுநாள் அந்தக் கதையைச் சொல்ல வகுப்பில் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அன்று படக்கருவி தந்த இடைவெளியை இனி நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே, எப்படிப் படம் பார்த்தார்கள் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.