தேதியிட்ட உத்தரவாதம்

பிரான்சில் ஜெர்மன் எல்லையருகே ஹாம்பாக் என்றோர் ஊர். அங்கிருந்த ஸ்மார்ட் கார் ஆலையில் 2015 செப்டம்பரில் ஊழியர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. வாரம் 35 மணி நேர வேலை 39 ஆகும். ஊதியமோ 37 மணி நேரத்துக்கு. ஈடாக, 2020 வரை வேலைக்கு உத்தரவாதம்.

56 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஆனால் உற்பத்திப் பிரிவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மறுத்தார்கள். மேலாளர்கள், அலுவலர்களின் வாக்குகளே தராசைச் சாய்த்தன. பெரிய சங்கங்கள் ஒப்பந்தத்தை எதிர்த்தன. நிர்வாகம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கையெழுத்து கேட்டது. தனியாக நின்றபோது பெரும்பாலோர் போட்டுவிட்டார்கள்.

2020 ஜூலையில் தாய் நிறுவனமான டைம்லர், ஆலையை விற்கப்போவதாக அறிவித்தது. கொடுத்த வாக்கு மீறப்படவில்லை. தவணை முடிந்தது, அவ்வளவுதான். எத்தனை மணி என்பதோடு, எந்தத் தேதிவரை, யாருடைய வாக்கில் என்றும் கேட்கவேண்டும்.