ஏறு, இல்லையேல் வெளியேறு

மார்வின் பௌவருக்கு 60 வயதானபோது அவர் எடுத்த முடிவை அமெரிக்க வணிக உலகம் இன்றும் பேசுகிறது. ஆண்டு 1963. மெக்கின்சி நிர்வாக ஆலோசனை நிறுவனத்தின் தலைவர் அவர். தன் பங்குகளை வெளியாருக்கு நல்ல விலைக்கு விற்றிருந்தாலோ, நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தாலோ பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். அவரோ கணக்குப் புத்தகத்தில் இருந்த மதிப்புக்கே அவற்றை உள்ளே இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நிறுவனம் அதில் உழைக்கிறவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆலோசகர்கள் தங்கள் வேலையில் மனநிறைவு கண்டார்களா, தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானித்தார்களா என்று கேட்கிற எவரும் இந்த முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பௌவர் முதலில் வழக்கறிஞர். 1930-களின் பெருமந்தத்தில் கம்பெனிகள் வரிசையாக நொடித்தபோது, க்ளீவ்லாந்தின் ஜோன்ஸ் டே அலுவலகத்தில் இருந்தபடி, அவற்றுக்குக் கடன் கொடுத்தவர்களின் குழுக்களோடு வேலை பார்த்தார். அங்கே ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டார். எங்கே ஓட்டை விழுகிறது என்பது கீழே வேலை செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதை முதலாளியின் அறைவரை கொண்டுபோய்ச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

1933-ல் ஜேம்ஸ் மெக்கின்சியிடம் சேர்ந்தார். மெக்கின்சி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். 1926-ல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1937-ல், ஐம்பது வயதைத் தொடுமுன்பே, நிமோனியாவில் இறந்துபோனார். அதன்பின் நியூயார்க் கிளையை எடுத்து வளர்த்தவர்களில் பௌவரே முதன்மையானவர். நேற்று சேர்ந்த இளைஞனுக்கு மூத்த பங்குதாரர் சொல்வது தவறென்று பட்டால், அதைச் சொல்வது அவனுக்குச் சலுகை இல்லை, கடமை. இந்த நெறி அங்கே வேரூன்றியதில் அந்தப் பழைய கடன் வழக்குகளுக்குப் பங்கு உண்டு. சம்பளப் பட்டியலை மட்டும் வைத்து வேலைத் திருப்தியை அளக்கிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தன் பேச்சுக்கு மதிப்புண்டு என்று தெரிந்தவன் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து வேலை பார்ப்பான். அதைச் சுமையாக நினைக்கவும் மாட்டான்.

ஆனால் அதே நிறுவனம்தான் இந்தத் தொழிலின் மிகக் கடுமையான விதியையும் நிலைநிறுத்தியது. நியூயார்க்கின் க்ராவத் வழக்கறிஞர் அலுவலகத்தில் முன்பே இருந்த வழக்கம் அது. 1950-களில் மெக்கின்சி அதை எடுத்துக்கொண்டது. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படி ஏற வேண்டும்; ஏறாதவர் போய்விட வேண்டும். அதே காலத்தில், தொழிலில் பழுத்த அனுபவசாலிகளுக்குப் பதிலாக ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்த இளைஞர்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்தவர்களில் சிலரே பங்குதாரர் ஆக முடியும் என்பது எல்லோருக்கும் முதல் நாளே தெரியும்.

இது கொடுமையல்லவா என்று கேட்கலாம். பலருக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. ஆயினும் வெளியேறுகிறவரை அவமானப்படுத்தாமல், வாடிக்கையாளர் கம்பெனிகளிலேயே நல்ல வேலை தேடிக்கொள்ள உதவி அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. போனவர் பகைவராகவில்லை. சிலர் பெரிய நாற்காலிகளில் அமர்ந்தார்கள். தாமாகவே போனவர்களும் உண்டு. 1965-ல் மெக்கின்சியில் சேர்ந்த லூ கெர்ஸ்ட்னர், அங்கே பங்குதாரராக உயர்ந்த பிறகும், 1978-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்குப் போனார், 1993-ல் ஐ.பி.எம். தலைமையை ஏற்றார். எவரும் அவரை வெளியே தள்ளவில்லை. ஆலோசனை சொல்வதை விட்டு முடிவெடுக்கும் இடத்துக்கு அவராகவே போனார்.

பாஸ்டனில் கதை வேறு மாதிரி நடந்தது. ஆர்தர் டி. லிட்டில் நிறுவனத்திலிருந்து வெளியேற நேர்ந்த ப்ரூஸ் ஹெண்டர்சன், 1963-ல் ஒரு வங்கியின் பிரிவாக, தனி ஆளாகத் தொடங்கியதுதான் பாஸ்டன் கன்சல்டிங் குரூப். போட்டியில் அவருக்கு அளவுகடந்த நம்பிக்கை. தன் ஆட்களையே நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று அணிகளாகப் பிரித்து மோதவிட்டார். நீல அணியை நடத்திய பில் பெயின் 1973-ல் சக ஊழியர்கள் சிலரோடு வெளியேறி, தன் பெயரிலேயே புது நிறுவனம் கண்டார். ஹெண்டர்சனுக்கு அது பேரிடி. 1975-ல் ஊழியர் பங்குடைமைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வழியே அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிறுவனம் வங்கியின் கையிலிருந்து ஊழியர்கள் கைக்கு மாறியது.

பங்குடைமைத் திட்டம் என்றாலே ஊழியருக்கு நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. 1985, 86-ல் பெயின் நிறுவனத்தின் நிறுவனர்கள் அதன் 30 சதவீதப் பங்கை இதே போன்ற ஒரு திட்டத்துக்கு விற்றார்கள். விலை சுமார் 20 கோடி டாலர். பெரும்பகுதி கடன் வாங்கிக் கொடுத்த பணம். வணிகம் தளர்ந்ததும் வட்டிச் சுமை கழுத்தை நெரித்தது, ஆட்குறைப்பு வந்தது. பின்னாளில் அரசியலுக்கு வந்த மிட் ராம்னி திரும்ப வந்து பொறுப்பேற்று, கடன்காரர்களோடு பேசி, நிறுவனர்களைப் பங்கை விட்டுக்கொடுக்கச் செய்து, 1991-ல் நிறுவனத்தை மீட்டார். பங்கை யார் பெயரில் எழுதினார்கள் என்பது மட்டும் போதாது. எந்த விலைக்கு, யார் தலையில் கடனை வைத்து எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆலோசகரின் மனநிறைவு பங்குடைமையில் மட்டும் இல்லை. சென்னையில் பிறந்த இந்திரா நூயி, யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து 1980-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் சிகாகோ அலுவலகத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அவருடைய தந்தை புற்றுநோய்க்கு ஆளானார். ஊருக்குப் போய்த் தந்தையோடு இருக்க நிறுவனம் சம்பளத்துடன் நீண்ட விடுப்பு கொடுத்தது. பிரசவத்தின்போதும், 1986-ல் கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோதும் அந்த ஆதரவு தொடர்ந்தது. ஆனாலும் வாரந்தோறும் ஊர் ஊராகப் பறக்கும் வேலைக்கும் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கும் ஒத்துவரவில்லை. அந்த ஆண்டே அவர் மோட்டோரோலாவுக்கு மாறினார். பிறகு பெப்சிகோ, 2006-ல் அதன் தலைமைப் பொறுப்பு. 2021-ல் வெளியான நினைவு நூலில், சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் வேலை நேரத்தில் நெகிழ்வையும் குழந்தைகளையும் முதியோரையும் பேணும் ஏற்பாடுகளையும் எல்லா ஊழியருக்கும் உரியவையாக ஆக்க வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். அந்த விடுப்பு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் 1980-களிலேயே வேலையை விட்டிருக்க வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்தவரின் வாதம் அது.